சிங்கப்பூர் ஆற்றோரம் ஒரு மாலை நடை: வழிகாட்டி இல்லாமல் நீங்களே போய்வர

சிங்கப்பூருக்குச் சுற்றுலா வருபவர்களில் பலர் அந்த ஊர் ஆற்றைப் படகில் சுற்றிப் பார்க்கிறார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் படகு திரும்பிவிடும். ஒலிபெருக்கி ஏதோ சொல்லும், பாதி காதில் விழாது. அதைவிட நடந்தே போகலாம் என்பது என் கட்சி. ஆறு மொத்தமே 3 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதற்கு மேல்புறம் இருக்கும் அலெக்சாண்டிரா கால்வாயையும் சேர்த்தால் ஐந்தாறு கிலோமீட்டர். கட்டணம் கிடையாது, ஏற்ற இறக்கம் அதிகமில்லை. பாலங்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டால் வழியும் தப்பாது.

முதல் தடவை போகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் நேரம்

மாலை 4 மணி வாக்கில் தொடங்குங்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் சூரியன் மறையும். நிதானமாக நடந்தால் விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பீர்கள். காலை நடைதான் பிடிக்கும் என்றால் 7 மணிக்கே இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டிவிடும்.

பிற்பகலில் திடீர் மழை சகஜம், நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னும் அதிகம். குடை கட்டாயம் வேண்டும். இடி மின்னல் தொடங்கினால் ஆற்றோரத்தை விட்டு ஏதாவது கட்டடத்துக்குள் ஒதுங்கிவிடுங்கள். குடிக்கக் குழாய்த் தண்ணீரே போதும், ஒரு பாட்டில் நிரப்பிக்கொள்ளலாம். காலணி, வார் கட்டாமல் கழற்றி மாட்டுகிற வகையாக இருக்கட்டும். வழியில் ஒரு கோயில் இருக்கிறது. குப்பை போட்டால் அபராதம் உண்டு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 2: கால்வாயிலிருந்து தொடங்குங்கள்

ரெட்ஹில் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி, கைப்பேசி வரைபடத்தில் 'அலெக்சாண்டிரா கெனல் லீனியர் பார்க்' என்று தேடி, டாங்ளின் சாலைப் பக்க முனைக்கு நடந்து போங்கள். அங்கே ஆறு என்று எதுவும் கண்ணில் படாது. நேர்கோட்டில் ஓடும் ஒரு கான்கிரீட் கால்வாய், அவ்வளவுதான். மழை இல்லாத நாளில் அடியில் சிறிது நீர் ஓடும். பெருமழை கொட்டினால் மளமளவென்று ஏறும். மழை வெள்ளத்தைச் சீக்கிரம் வெளியேற்றுவதற்காகக் கட்டியது என்பதால் கரைகள் இப்படிச் செங்குத்தாக இருக்கின்றன.

டாங்ளின் சாலையிலிருந்து டெல்டா சாலை வரையிலான 1.2 கிலோமீட்டர் நீளத்தை 2011-இல் பூங்காவாக மாற்றினார்கள். மேல்முனையில் கால்வாயை மூடித் தளம் போட்டு, நீர்த்தாவரங்கள் நிறைந்த சின்னச் சதுப்புத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தச் செடிகளின் வேர்களுக்கிடையே போகும்போது தண்ணீர் எப்படித் தெளிகிறது என்று நின்று பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இங்கே கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

டெல்டா சாலையைக் கடந்ததும் பக்கத்துச் சாலைகளின் பெயர்ப்பலகைகளைக் கவனியுங்கள். கேங்கஸ் அவென்யூ, இண்டஸ் ரோடு. கங்கையும் சிந்துவும் இங்கே அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே சாலைகளாக ஓடுகின்றன.

கால்வாய் வேண்டாம், ஆறு மட்டும் போதும் என்பவர்கள் கிரேட் வேர்ல்ட் நிலையத்தில் இறங்கி நேராக அடுத்த படிக்கு வந்துவிடலாம்.

படி 3: கிம் செங் பாலம்

கால்வாய் முடிந்து ஆறு தொடங்குவது இங்கேதான். டான் கிம் செங் மலாக்காவில் பிறந்த சீன வணிகர். நகரத்துக்குக் குழாயில் நல்ல தண்ணீர் கொண்டுவர 1857-இல் 13,000 வெள்ளி கொடுத்தார். (சிங்கப்பூர்த் தமிழர் டாலரை வெள்ளி என்பார்கள்.) 1864-இல் அவர் இறக்கும்வரை அந்தத் தண்ணீர் வரவில்லை. 1882-இல் அவர் நினைவாக ஒரு நீரூற்று எழுப்பினார்கள். அது இப்போது எஸ்பிளனேட் பூங்காவில், நம் நடையின் மறுமுனைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பாலத்தில் நின்று நீரைக் கவனித்தால் ஓட்டமே தெரியாது. முன்பு இங்கே கடல் ஓதம் ஏறி இறங்கும், நீர் வற்றும்போது சேறு நாறும். 2008-இல் முகத்துவாரத்துக்கு வெளியே மரீனா அணை கட்டியதும் கடல்நீர் உள்ளே வருவது நின்றுபோனது. விரிகுடாவும் ஆறும் சேர்ந்து இப்போது ஒரு நன்னீர்த் தேக்கம். சிங்கப்பூர்த் தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை இந்தத் தேக்கத்துக்குத்தான் வருகிறது. நீங்கள் பார்த்த கால்வாய்த் தண்ணீரும் அதில் சேர்த்தி. சுத்திகரித்துக் குழாய்க்கு அனுப்புகிறார்கள்.

படி 4: ராபர்ட்சன் கீ, இடது கரையில்

இனி இடது கரையிலேயே போங்கள், அதாவது நீர் போகும் திசையில் நடக்கும்போது உங்கள் இடப்பக்கம். 'கீ' என்றால் படகுத்துறை. இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. இப்போது ஹோட்டல்களும் காப்பிக் கடைகளும். கண்ணைக் கவர்வது அல்காஃப் பாலம். 1997-இல் கட்டியது. இந்த ஆற்றில் சரக்கு ஏற்றிய தொங்கான் என்ற படகின் வடிவம் அதற்கு. 2004-இல் பிலிப்பைன்ஸ் ஓவியர் பசிட்டா அபாட் பாலம் முழுவதையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறங்களில் வட்டம் வட்டமாக வரைந்து நிரப்பினார். அதே ஆண்டின் இறுதியில் காலமானார்.

அடுத்தது புலாவ் சைகோன் பாலம். ஆற்றின் நடுவே புலாவ் சைகோன் என்றொரு சிறு தீவு இருந்தது. ஆடுமாடு வெட்டும் தொட்டி அதில்தான் இருந்தது. பின்னாளில் நடுவிலிருந்த நீர்வழியைத் தூர்த்துக் கரையோடு சேர்த்துவிட்டார்கள். பாலத்துக்குப் பெயர் இருக்கிறது, தீவைக் காணோம்.

கரையில் எங்காவது ஆட்கள் கைப்பேசியோடு குனிந்து கூட்டமாக நின்றால் அநேகமாக நீர்நாய்தான். குடும்பம் குடும்பமாக வரும். கிட்டே போகாதீர்கள், குட்டி இருந்தால் கடிக்கும்.

படி 5: டேங்க் ரோடு கோயிலுக்கு ஒரு சின்ன விலகல்

கிளமென்சோ பாலத்தில் ஆற்றை விட்டு இடப்புறம் சாலையோரமாகச் சில நிமிடம் நடந்தால் தெண்டாயுதபாணி கோயில். 1859-இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பியது, செட்டியார் கோயில் என்றால்தான் பலருக்குத் தெரியும். இப்போதிருக்கும் கட்டடம் 1983-ஐச் சேர்ந்தது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் காவடிகள் வந்து சேருமிடம் இதுதான்.

மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலையில்தான் திறப்பு. நான்கு மணிக்குக் கிளம்பச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றில் வணிகம் செய்தவர்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் நகரத்தார். அவர்கள் கும்பிட்ட முருகனைப் பார்த்துவிட்டு, அவர்கள் தொழில் செய்த திசையில் போகிறோம். வரிசை சரியாகத்தான் இருக்கிறது.

படி 6: கிளார்க் கீ, நிற்காமல்

மறுபடி ஆற்றுக்கு வந்தால் ஆர்ட் பாலம், 1886. பக்கத்தில் கள்ளுக்கடைகள் இருந்ததால் இதைக் கள்ளுப் பாலம் என்றும் மக்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது ரீட் பாலம், 1889. மூட்டை தூக்கிக் களைத்த தியோசூ சீனத் தொழிலாளர்கள் இரவில் இங்கே உட்கார்ந்து கதைசொல்லிகளிடம் கதை கேட்பார்களாம். இப்போதும் மாலை ஆனால் இளைஞர்கள் பாலத்திலேயே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பிரபலமான கிளார்க் கீ. கூரை போட்ட கடைத்தெரு, மதுக்கூடம், இரைச்சல். விலையும் ஜாஸ்தி. எனக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. உங்களுக்குப் பிடித்தால் தாராளமாக நில்லுங்கள்.

படி 7: கோல்மன், எல்ஜின் பாலங்களுக்கு அடியில்

இங்கே புதியவர்கள் சாலையைக் கடக்கத் திணறுவார்கள். தேவையே இல்லை. ஆற்றோரப் பாதை இந்த இரண்டு பாலங்களுக்கும் அடியில் சுரங்கமாகப் போகிறது. கோல்மன் பாலத்தருகே பல வண்ணச் சன்னல்களோடு ஒரு பெரிய கட்டடம் தெரியும். 1934-இல் கட்டிய பழைய ஹில் ஸ்ட்ரீட் போலீஸ் நிலையம் அது. சன்னல்கள் 927, நம்பாதவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

எல்ஜின் பாலத்தைத் தாண்டியும் இடது கரையிலேயே இருங்கள், இது முக்கியம். வலது கரையில் போட் கீ. அந்தக் கடைவீடுகளுக்குக் கீழேயே நடந்தால் உணவகக்காரர்கள் மெனுவோடு வழிமறிப்பார்கள், கட்டடங்களும் முழுசாகத் தெரியாது. எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரை போட்ட குட்டி வீடுகளும், அவற்றின் தலைக்கு மேல் வங்கிகளின் கோபுரங்களும் ஒரே பார்வையில் அடங்கும்.

ஆறு இங்கே வயிறு தள்ளி வளைகிறது. கெண்டை மீனின் வயிறு போலிருப்பதால் செல்வம் சேரும் என்று சீன வணிகர்கள் இந்தக் கரையை விரும்பினார்கள். படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். தொடக்க காலப் படகோட்டிகளில் சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் நிறைய. படகின் முகப்பில் கண் வரையும் வழக்கம் இன்றைய சுற்றுலாப் படகுகளிலும் தொடர்கிறது. வழி தெரிய வேண்டுமல்லவா!

அந்தப் பரபரப்போடு நாற்றமும் வளர்ந்தது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணை, சாலையோரக் கடை, பட்டறை எல்லாவற்றின் கழிவும் ஆற்றில்தான். 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்து ஆண்டுக்குள் ஆறு சுத்தமாக வேண்டும் என்று கெடு வைத்தார். சுமார் 26,000 குடும்பங்களை வேறிடத்தில் குடியமர்த்தினார்கள். ஏறத்தாழ 5,000 கடைக்காரர்கள் உணவங்காடிகளுக்குள் போனார்கள். 1983-இல் சரக்குப் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். 1987-இல் வேலை முடிந்தது. ஆறு பிழைத்துக்கொண்டது, ஆனால் அதை நம்பிப் பிழைத்தவர்கள் யாரும் கரையில் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சற்றுத் தள்ளி, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் 1819-இல் கால் வைத்ததாகச் சொல்லும் இடத்தில் அவருடைய வெள்ளைச் சிலை. 200-ஆவது ஆண்டான 2019-இல் அவரோடு இன்னும் நால்வர் சிலைகளையும் தற்காலிகமாக வைத்தார்கள். அதில் ஒருவர் நாராயண பிள்ளை. பினாங்கிலிருந்து ராஃபிள்ஸோடு வந்து சிங்கப்பூரின் முதல் செங்கல் சூளையைப் போட்டவர், மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளமிட்டவர். ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் ஆற்றோரத்தில் செட்டியார் ஒருவரைச் சேர்த்து வடித்த வெண்கலச் சிலைத் தொகுதியையும் தேடிப் பாருங்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில் தரையில் உட்கார்ந்து கடன் கொடுத்த காலத்தின் அடையாளம்.

படி 8: கேவனா பாலம்

இந்த நடையில் எனக்கு மிகப் பிடித்த இடம். 1869-இல் உருவானது, பழைய வடிவம் மாறாமல் நிற்கும் சிங்கப்பூர்ப் பாலங்களில் இதுவே மூத்தது. இரும்புப் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தன. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். அவர்கள் செய்த கடைசிப் பெரிய வேலைகளில் ஒன்று இது.

முனையில் ஒரு பழைய போலீஸ் அறிவிப்புப் பலகை உண்டு. மூன்று ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 150 கிலோவுக்கு மேல் பாரமுள்ள வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் போகக்கூடாது என்கிறது. பாலத்தின் தொல்லை அதோடு முடியவில்லை. மிகத் தாழ்வாகக் கட்டிவிட்டதால் ஓதம் ஏறிய நேரத்தில் படகுகள் அடியில் நுழைய முடியாமல் காத்துக் கிடந்தன. 1910-இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்தது அதனால்தான். கேவனா பாலம் நடப்பவர்களுக்கு என்று ஆனது.

பாலத்தின் வழியே வலது கரைக்குப் போங்கள். மறுமுனையில் ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிக்கும் வெண்கலச் சிலை. படம் எடுக்க வரிசையே நிற்கும்.

படி 9: முகத்துவாரம்

எதிரே தூண்களோடு நிற்பது ஃபுல்லர்ட்டன் கட்டடம், 1928. முன்பு தலைமைத் தபால் நிலையம், இப்போது ஹோட்டல். இந்த முனையில் எழுத்துகள் பொறித்த ஒரு பெரும்பாறை இருந்தது. 1843-இல் வெள்ளைக்கார அதிகாரிகள் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் எழுதியிருப்பது என்ன என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை.

அப்புறம் மெர்லயன், சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட சிலை. 8.6 மீட்டர் உயரம், 1972-இல் திறந்தது. முதலில் முகத்துவாரத்திலேயே இருந்தது. 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வந்து பார்வையை மறைத்ததால் 2002-இல் இங்கே நகர்த்தினார்கள். கால் தாங்கினால் பக்கத்து ஜூபிலி நடைபாலத்தில் எதிர்ப்பக்கம் போய் டான் கிம் செங்கின் நீரூற்றைப் பார்க்கலாம்.

சாப்பிட, அசைவக்காரர்கள் லாவ் பா சாட் வரை நடக்கலாம். எண்கோண வடிவில் 1894-இல் எழுந்த பழைய சந்தைக் கட்டடம். வெளியே தெருவை மறித்து மாலையில் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுவார்கள். சைவம் வேண்டுமென்றால் ராஃபிள்ஸ் பிளேஸில் ரயில் ஏறி தோபி காட்டில் மாறுங்கள். அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. வார இறுதியில் அங்கே கூட்டம் நெரியும், எட்டு மணிக்குள் போய்விட்டால் இடம் பிடிக்கலாம்.