ஒகேனக்கல்லில் ஆறு நிமிடம் இருட்டாது

"2027 ஆகஸ்ட் 2, ஆறு நிமிடம் உலகமே இருண்டுவிடும்!" இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தால் நம்பிப் பரப்பாதீர்கள். அன்று சூரிய கிரகணம் நிஜம். ஆனால் அந்த ஆறு நிமிட இருட்டு எகிப்தின் லக்சோர் பக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரிக்குப் பகுதி கிரகணம்தான். மாலையில் சூரியனின் ஓரத்தைக் கடித்தது போலத் தெரியும். வெயில்கூடப் பெரிதாகக் குறையாது.

பெரிய தவறு நடப்பதே இங்கேதான். ஆடி மாத அமாவாசை, மறுநாள் ஆடிப்பெருக்கு, ஒகேனக்கல்லில் கூட்டம் அலைமோதும். "சாயங்கால வெயில்தானே" என்று யாராவது அண்ணாந்து பார்ப்பார். விழித்திரை வெந்துபோனால் வலிகூடத் தெரியாது. கூலிங் கிளாஸ், பழைய எக்ஸ்ரே, தாம்பாளத்து மஞ்சள் தண்ணீர், எதுவும் வேண்டாம். ஐஎஸ்ஓ 12312-2 தரத்துக் கிரகணக் கண்ணாடி வாங்குங்கள். கீறல் விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். கிடைக்கவில்லையா? சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சோறு வடிக்கிற ஓட்டைத் தட்டை வெயிலில் பிடியுங்கள். தரையில் விழும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் கடிபட்ட வட்டமாக இருக்கும். 2019 டிசம்பர் 26 காலையில் எங்கள் தெருப் புளியமரத்தடி முழுக்கப் பிறை பிறையாகக் கொட்டிக் கிடந்தது. வேலைக்குக் கிளம்பியவர்கள் பாதிப்பேர் மிதித்துக்கொண்டே போனார்கள்!

(கிரகணத்தன்று உலக்கை தானாக நிற்கும் என்பார்கள். அன்று மட்டும் நிற்பதில்லை. அடி தட்டையாக இருந்தால் நாளைக்கும் நிற்கும்.)

அடுத்தது எரிகல் மழை. நாள் தெரிந்தால் போதாது, நிலாவையும் பார்க்க வேண்டும். 2027 டிசம்பர் 13-14 இரவு ஜெமினிட்ஸ் என்ற எரிகல் மழையின் உச்சம். அதை ஒட்டியே பௌர்ணமி. ஒசூர் வெளிச்சத்துக்குப் பயந்து அஞ்செட்டி வரை வண்டி ஓட்டினாலும் நிலா வெளிச்சம் கூடவே வரும். போதாததற்கு அது ராகிக்கு யானை இறங்குகிற காலம். இருட்டில் வயலோரம் படுத்து வானம் பார்ப்பது வேண்டாத வேலை. அதைவிட ஆகஸ்ட் 12-13 இரவின் பெர்சீட்ஸ் எரிகல் மழை தேவலாம். நள்ளிரவு தாண்டி நிலா இறங்கிவிடும், விடியும் முன் வடகிழக்கில் பார்க்கலாம், மேகம் விட்டால்.

2027இல் வரும் மூன்று சந்திர கிரகணங்களும் புறநிழல் கிரகணங்கள், அதாவது பூமியின் மங்கலான வெளிநிழல் மட்டுமே நிலாவில் படும். "ரத்த நிலா" என்று தலைப்பு வந்தால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முழுச் சந்திர கிரகணத்தில் தெரியும் அசல் செந்நிலா 2028 டிசம்பர் 31 இரவு பத்து மணி வாக்கில், புத்தாண்டுக் கேக் வெட்டுவதற்கு முன்னால். அதற்குக் கண்ணாடியே வேண்டாம், மொட்டைமாடி போதும்.