பெண்கள் கோல்ஃப்: ஸ்விங்குக்கு வெளியே நடக்கும் தவறுகள்

அமெரிக்க மகளிர் ஓப்பன், 1957. நியூயார்க் மாநிலத்தில் உள்ள விங்க்டு ஃபுட் மைதானம். ஹவாயைச் சேர்ந்த ஜாக்கி பங் நான்கு சுற்றையும் முடித்தபோது பந்தை அடித்த கணக்கு 298 அடி; கோல்ஃபில் குறைவாக அடிப்பவரே வெல்வார். அந்த வாரம் அதைவிடக் குறைவாக யாரும் முடிக்கவில்லை. ஆனால் கடைசிச் சுற்றின் 4-வது குழியில் அவர் எடுத்தது 6, ஸ்கோர் கார்டில் இருந்தது 5. கோல்ஃபில் உங்கள் கார்டை உடன் ஆடுபவர்தான் எழுதுவார். அவருடன் ஆடிய பெட்டி ஜேம்சனும் அதே குழியில் 6 எடுத்திருந்தார், அவருடைய கார்டிலும் 5 என்றே இருந்தது. பங்கின் கார்டில் மொத்தம் 72 என்பது சரியாகவே எழுதப்பட்டிருந்தது. யாரும் ஏமாற்றவில்லை, யாருக்கும் லாபமும் இல்லை. இருந்தும் இருவரும் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். ஓர் அடி பின்தங்கியிருந்த பெட்சி ரால்ஸ் சாம்பியன் ஆனார். மனம் பொறுக்காத கிளப் உறுப்பினர்களும் பார்வையாளர்களும் அங்கேயே பணம் திரட்டி பங்குக்கு 3,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். சாம்பியனுக்கான பரிசே 1,800 டாலர்தான். ஆனால் அமெரிக்க ஓப்பன் பட்டம் பங்குக்கு அதன் பிறகும் கிடைக்கவில்லை.

கோல்ஃபைத் தொழிலாக எடுக்க நினைக்கும் பெண்களும் அவர்களுடைய பெற்றோரும் பெரும்பாலும் ஸ்விங்கை, அதாவது பந்தை அடிக்கக் கிளப்பை வீசும் விதத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஸ்விங்கைச் சரிசெய்யப் பயிற்சியாளர் இருக்கிறார், வீடியோ இருக்கிறது. அதிக விலை கொடுக்க வைப்பவை அதற்கு வெளியே நடக்கும் தவறுகள்தான். அவற்றில் பலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் தவிர்த்துவிடலாம்.

கையெழுத்து போடும் முன்

ஸ்கோர் கார்டு விதி எளிமையானதுதான். ஒவ்வொரு குழியின் எண்ணும் சரியாக இருக்க வேண்டியது வீராங்கனையின் பொறுப்பு. கூட்டல் அவர் வேலை இல்லை, அதைப் போட்டி நடத்துபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு குழியில் உண்மையைவிடக் குறைவாக எழுதிக் கையெழுத்திட்டால் தகுதி நீக்கம். கூடுதலாக எழுதிவிட்டால் அந்தக் கூடுதலே நிற்கும். அதனால் மொத்தம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. குழி குழியாக, உடன் ஆடியவரிடம் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். மோசமாக ஆடிய நாளில்தான் இதைச் செய்யத் தோன்றாது, எப்போது கிளம்புவோம் என்றிருக்கும். அந்த நாளில்தான் இது மிகவும் அவசியம். மிச்செல் வீ 2008-இல் ஒரு போட்டியில் இரண்டாம் சுற்று முடிந்ததும் கையெழுத்திடாமலே ஸ்கோர் கொடுக்கும் இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டார். மறுநாள் அது தெரிந்து தகுதி நீக்கம். நன்றாக ஆடிக்கொண்டிருந்த வாரம் அது.

அதே மிச்செல் வீ 2005-இல் தொழில்முறை ஆட்டக்காரராக ஆடிய முதல் போட்டியிலும் தகுதி நீக்கம் ஆனவர்தான். மூன்றாம் சுற்றில் புதரில் சிக்கிய பந்தை எடுத்து டிராப் செய்தபோது (விதிப்படி கையிலிருந்து வேறு இடத்தில் கீழே விட்டபோது), அது சில அங்குலம் குழிக்குக் கிட்டே விழுந்துவிட்டது. அதைப் பார்த்த ஒரு பத்திரிகையாளர் மறுநாள்தான் அதிகாரிகளிடம் சொன்னார். நான்காம் இடத்தில் முடித்திருக்க வேண்டியவர் வெறுங்கையோடு போனார். இத்தனைக்கும் மைதானத்தில் விதி அதிகாரிகள் இருப்பது கேட்டவுடன் வருவதற்குத்தான். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் டிராப் என்றால் ஒரு நிமிடம் நின்று அதிகாரியைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

லெக்ஸி தாம்ப்சனுக்கு நடந்தது இன்னும் வேதனை. 2017-ஆம் ஆண்டின் முதல் மேஜர் (மிகப் பெரிய பட்டப் போட்டிகளில் ஒன்று), சனிக்கிழமை, 17-வது கிரீன் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை). ஓரடி தூரத்து பட், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி. அவர் பந்து இருந்த இடத்தை மார்க் செய்து (அடையாளம் வைத்து) பந்தை எடுத்து, திரும்ப வைக்கும்போது ஓர் அங்குலம் அளவுக்கு இடம் மாறிவிட்டது. டிவியில் பார்த்த ஒருவர் மறுநாள் மின்னஞ்சலில் புகார் செய்தார். ஞாயிற்றுக்கிழமை கடைசிச் சுற்றில் முன்னிலையில் இருந்தவரிடம், 12-வது குழி முடிந்ததும் நான்கு அடி பெனால்டி என்று சொன்னார்கள். பந்தைத் தவறான இடத்தில் வைத்ததற்கு இரண்டு, தவறான கார்டில் கையெழுத்திட்டதற்கு இரண்டு. அழுதுகொண்டே ஆடி, கடைசிக் குழியில் பேர்டி (அந்தக் குழிக்கான நிர்ணய எண்ணிக்கையைவிட ஓர் அடி குறைவு) அடித்து, சமநிலையைத் தீர்க்கும் கூடுதல் ஆட்டமான பிளேஆஃப் வரை வந்தார். பட்டம் தென்கொரியாவின் ரியூ சோ-யோனுக்குப் போனது. இதற்குப் பிறகு விதிகள் மாறின. இப்போது பார்வையாளர் புகார்களை ஏற்பதில்லை, தெரியாமல் விட்டுப்போன பெனால்டிக்காகக் கார்டின் பேரில் தனித் தண்டனையும் இல்லை. ஆனால் பந்தைத் தவறான இடத்தில் வைத்தால் பெனால்டி இன்றும் உண்டு. ஓரடி பட் என்றாலும் மார்க்கரைப் பந்துக்கு நேர் பின்னால் வைப்பது, திரும்ப அதே இடத்தில் வைப்பது, அப்புறம்தான் அடிப்பது. பயிற்சியின்போதே இந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட வேண்டும்.

மெதுவாக ஆடினாலும் பெனால்டியாக அடிகள் கூடும். 2023 எவியன் சாம்பியன்ஷிப்பில் ஸ்பெயினின் கார்லோட்டா சிகாண்டாவுக்கு இரண்டாம் சுற்றின் கடைசிக் குழியில் இரண்டு அடி பெனால்டி விதித்தார்கள். அவர் அதை ஏற்காமல், அந்த இரண்டைச் சேர்க்காத கார்டில் கையெழுத்திட்டார். விளைவு தகுதி நீக்கம். கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும், அதைப் பேச வேண்டிய இடம் கார்டு அல்ல.

எப்போது ப்ரோ (தொழில்முறை ஆட்டக்காரர்) ஆவது?

என் பார்வையில் மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ஊர்ப் போட்டிகளில் வரிசையாக ஜெயிக்கும் பெண்ணைப் பார்த்து, இனி அமெச்சூராக இருந்து என்ன பயன் என்று வீட்டில் பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. அமெச்சூராக இருந்தால் விளம்பரப் பணம் வாங்க முடியாது. ஆனால் 2022 ஜனவரி 1 முதல் அமெச்சூர் விதிகள் மாறிவிட்டன. ஓர் அமெச்சூர் வீராங்கனை தன் பெயரையும் படத்தையும் வைத்து ஸ்பான்சரிடம் பணம் பெறலாம். போட்டிப் பரிசில் மட்டும் 700 பவுண்டு அல்லது 1,000 டாலர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. பயணச் செலவுக்கு ஸ்பான்சர் வேண்டும் என்பதற்காக மட்டுமே ப்ரோ ஆக வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

காத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். ரோஸ் ஜாங் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டே அமெரிக்கக் கல்லூரிகளுக்கான தனிநபர் பட்டத்தை இரண்டு முறை வென்றார். 2023 மே கடைசியில் ப்ரோ ஆனவர், ஜூன் தொடக்கத்தில் ப்ரோவாக ஆடிய முதல் எல்பிஜிஏ (அமெரிக்காவின் மகளிர் தொழில்முறை டூர்) போட்டியையே ஜெயித்தார். ப்ரோவாக ஆடும் முதல் போட்டியிலேயே ஜெயித்தவர் அதற்கு முன் 1951-இல் பெவர்லி ஹான்சன்தான். அதன் பிறகும் ரோஸ் படிப்பை விடவில்லை. இங்கிலாந்தின் லாட்டி வோட், சிறந்த அமெச்சூர்களுக்கு எல்பிஜிஏ திறந்துவிட்ட புள்ளி முறை வழியாக அந்த டூரில் ஆடும் உரிமை அட்டை வாங்கிய முதல் வீராங்கனை. 2025 ஜூலையில் ப்ரோவாக ஆடிய முதல் போட்டியிலேயே ஸ்காட்டிஷ் ஓப்பனை வென்றார். மறுபக்கம், 16 வயது நிறையும் முன்பே பெரிய ஒப்பந்தங்களோடு ப்ரோ ஆன மிச்செல் வீ முதல் எல்பிஜிஏ வெற்றிக்கு 2009 வரை காத்திருக்க நேர்ந்தது. அவருடைய திறமையில் எந்தக் குறையும் இல்லை, 2014-இல் அமெரிக்க ஓப்பனையே ஜெயித்தவர். ஆனால் இடைப்பட்ட வருடங்களில் ஒவ்வொரு சுற்றும் உலகத்தின் கண் முன்னால் நடந்தது. அந்த வயதில் யாருக்கும் அது பெரிய சுமை.

எல்பிஜிஏ உறுப்பினராக 18 வயது வேண்டும், அதற்கு முன் சேரத் தனி அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 15 வயதில் ப்ரோ ஆகிவிட்டு எங்கே ஆடுவது? பழகிய மைதானத்தில் 68 அடிப்பது தயாராகிவிட்டதற்கு அடையாளம் ஆகாது. முன்பின் பார்க்காத மைதானத்தில், காற்று வீசும் நாளில், நான்கு சுற்றும் சேர்த்துப் பார் எனப்படும் நிர்ணய அடி எண்ணிக்கைக்குக் கீழே முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, தகுதிச் சுற்றான க்யூ ஸ்கூலை மட்டும் நம்பி ஒரு வருடத்தையே அடகு வைக்க வேண்டாம். இந்தியாவின் அதிதி அசோக் 2015 டிசம்பரில், 17 வயதில், ஐரோப்பிய மகளிர் டூரின் தகுதிப் போட்டியை ஜெயித்து அங்கே தொடங்கினார். அடுத்த ஆண்டே மகளிர் இந்திய ஓப்பனை வென்று, அந்த டூரின் சிறந்த புதுமுகமாகவும் தேர்வானார். எல்பிஜிஏவுக்குப் போனது அதற்குப் பிறகு. கீழ்ப்படியில் கால் வைத்து ஏறுவது மெதுவாகத் தெரியலாம், ஆனால் வாராவாரம் ஆட இடம் இருக்கும்.

பரிசுப் பணம் வருமானம் அல்ல

2024-இல் அமெரிக்க மகளிர் ஓப்பனின் மொத்தப் பரிசு 1.2 கோடி டாலர். அந்த ஆண்டின் கடைசிப் போட்டியில் தாய்லாந்தின் ஜீனோ திட்டிகுல் ஒரே வாரத்தில் 40 லட்சம் டாலர் வென்றார். இந்த எண்களைப் பார்த்துக் குடும்பக் கணக்கு போடக் கூடாது. போட்டிக்கு வருபவர்களில் சுமார் பாதிப் பேர் பொதுவாக இரண்டு சுற்றுக்குப் பிறகு ‘கட்’ எனப்படும் தகுதிக் கோட்டைத் தாண்ட முடியாமல் வெளியேறுகிறார்கள். பெரும்பாலான போட்டிகளில் அவர்களுக்குக் காசு கிடையாது. விமானம், அறை, கேடியின் (கிளப் பையைச் சுமந்து உதவுபவரின்) வாரச் சம்பளம் எல்லாம் அதற்குள் செலவாகியிருக்கும்.

சரி, கட்டைத் தாண்டி 10,000 டாலர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கேடிக்கு வாரச் சம்பளத்துக்கு மேல் பரிசில் ஒரு பங்கு உண்டு. வெற்றி என்றால் 10 சதவீதம், மற்றபடி அதைவிடக் குறைவு என்பது வழக்கம். வெளிநாட்டு வீராங்கனை அமெரிக்காவில் ஆடினால் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பரிசிலேயே பிடித்துக்கொள்வார்கள். பயிற்சியாளர், பிசியோ, அடுத்த வார டிக்கெட் எல்லாம் போக மிஞ்சுவதுதான் அவர் பணம். ஆகவே ஒரு சீசன் முழுக்க ஒரு ரூபாய்கூடப் பரிசு வராவிட்டாலும் ஆட முடியுமா என்ற கணக்கோடுதான் தொடங்க வேண்டும். கையில் பணம் இல்லாதபோது மூன்றடி பட்கூட ஆட்டமாக இருக்காது, வாடகையாகத் தெரியும்.

பணம் போடுகிறேன், வருமானத்தில் இத்தனை சதவீதம் கொடு என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை வருடத்துக்கு என்பதைத்தான். முடிவுத் தேதியோ உச்சத் தொகையோ இல்லாத ஒப்பந்தத்தில் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடவே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது

லிடியா கோ 17 வயதில் உலக முதலிடத்துக்கு வந்தவர். 2016 கடைசியிலிருந்து சில மாத இடைவெளியில் அவருடைய கேடி, பயிற்சியாளர், கிளப் (ஆடும் மட்டை) நிறுவனம் எல்லாம் மாறின. 2017-இல் ஒரு வெற்றிகூட இல்லை. 2018-இல் ஒன்று, அடுத்தது 2021-இல்தான். இந்த மாற்றங்கள்தான் காரணம் என்று வெளியிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஆடுபவருக்கே தெரியாமல் போகும். அவர் மீண்டு வந்து 2024-இல் ஒலிம்பிக் தங்கமும் ஹால் ஆஃப் ஃபேம் இடமும் பெற்றது அபாரமான மன உறுதி.

நெல்லி கோர்டா 2024-இல் தொடர்ந்து ஐந்து போட்டிகளை ஜெயித்திருந்தார். அமெரிக்க ஓப்பனில் ஒரு பார்-3 குழியில் பந்தை மூன்று முறை தண்ணீரில் விட்டு 10 எடுத்தார், அந்தச் சுற்று 80. அதையும் சேர்த்து மூன்று போட்டிகளில் வரிசையாகக் கட்டைத் தாண்டவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மறுபடி ஜெயித்தார். மூன்று மோசமான வாரங்கள் யாருக்கும் வரும். ஆட்டம் உடைந்துவிட்டது என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

தூரத்தைத் துரத்துவதும் இந்த வகைதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் டீயிலிருந்து (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர் அதிதி. பட்டிங்கை வைத்தே நான்காம் இடத்துக்கு வந்தார், பதக்கத்துக்கான பிளேஆஃபுக்கு ஓர் அடிதான் குறைந்தது. தூரம் கூட்டுங்கள், தவறில்லை. அதற்காகக் கிரீனைச் சுற்றிச் செலவிடும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

உடம்பும் ஒப்பந்தமும்

மணிக்கட்டு வலியோடு ஆடுவதை வீரம் என்று நினைக்க வேண்டாம். 2007-இல் மணிக்கட்டு முறிந்த மிச்செல் வீ முழுதாகக் குணமாகாமல் திரும்பி வந்து, அந்தச் சீசன் முழுவதும் திணறினார். கோ ஜின்-யங் 2022-இல் மணிக்கட்டுக்காக ஆட்டத்தை நிறுத்தி ஓய்வெடுத்து, அடுத்த ஆண்டு சிங்கப்பூரில் ஜெயித்தார். தரவரிசை கொஞ்சம் இறங்கும் என்பது உண்மைதான், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் பலர் கடைசி நேரத்தில்தான் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கேத்ரியோனா மேத்யூ இரண்டாவது குழந்தை பிறந்து 11 வாரத்தில், 2009-இல், பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். வியக்க வேண்டிய சாதனைதான், ஆனால் எல்லாருக்கும் அதை அளவுகோலாக்குவது கொடுமை. பல ஸ்பான்சர் ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு இத்தனை போட்டி ஆட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், ஆடாவிட்டால் தொகை குறையும். ஸ்டேசி லூயிஸ் 2018-இல் கர்ப்பமாக இருந்தபோது கேபிஎம்ஜி நிறுவனம் முழுத் தொகையையும் கொடுத்தது செய்தியானதற்குக் காரணமே அது வழக்கத்தில் இல்லாததுதான். அடுத்த ஆண்டு எல்பிஜிஏவும் மகப்பேறு விடுப்பு விதிகளைத் திருத்தியது. திரும்பி வரும்போது ஆடும் தகுதி காத்திருக்கும் என்பதை டூர் பார்த்துக்கொள்கிறது, ஸ்பான்சர் பணத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடாத மாதங்களில் தொகை என்ன ஆகும், காயத்துக்கும் மகப்பேறுக்கும் ஒரே விதியா, ஒப்பந்தக் காலம் நீட்டிக்கப்படுமா என்ற மூன்று கேள்விகளையும் 20 வயதில் முதல் ஒப்பந்தம் போடும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.