அமெரிக்க அரசியல் பாடம்: ஆசிரியராக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத் தேர்வுக்குப் படிக்கும் நம்மவர்களில் பலர் அரசியல் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். தேர்தல், சட்டமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் சிறுவயதிலிருந்து தெரிந்தவைதானே என்ற துணிச்சல். அந்தத் துணிச்சலே காலை வாரிவிடுகிறது.

ஆளுநர் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அவர் டெல்லியிலிருந்து வருபவர். அமெரிக்காவிலோ மாநில மக்களே நேரடியாக வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிபரால் அவரை நியமிக்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. அதேபோல், மத்திய அரசில் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’ என்பவர் வெளியுறவு அமைச்சர். மாநிலச் செயலாளர் என்று மொழிபெயர்த்துக்கொண்டால் பாடமே தடம் மாறிவிடும்.

இன்னும் ஆழமான குழப்பம் அமைச்சரவையில் இருக்கிறது. நம் நாட்டில் அமைச்சராக இருப்பவர் ஆறு மாதத்துக்குள் அவை உறுப்பினராகியே தீர வேண்டும். அமெரிக்க அரசமைப்பு இதற்கு நேர் எதிர்: காங்கிரஸ் (பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் அமைச்சராக இருக்கவே கூடாது. 2009இல் வெளியுறவுப் பொறுப்பை ஏற்க ஹிலாரி கிளின்டன் தம் செனட் பதவியைத் துறந்தது இதனால்தான். அதிபரின் கட்சி இரு அவைகளிலும் பெரும்பான்மை இழந்தாலும் ஆட்சி கவிழாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘அதிகாரப் பிரிவினை’ என்று எத்தனை முறை எழுதினாலும் பயனில்லை.

‘இம்பீச்மென்ட்’ என்றால் பதவி நீக்கம் என்று எழுதுவது இன்னொரு பிழை. பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். விசாரித்து, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நீக்க வேண்டியது செனட். அதிபர்களில் ஆண்ட்ரூ ஜான்சன் 1868இலும், பில் கிளின்டன் 1998இலும், டிரம்ப் 2019, 2021 என இருமுறையும் குற்றம் சாட்டப்பட்டார்கள். ஒருவரையும் செனட் நீக்கவில்லை. இந்தப் பட்டியலில் நிக்சனைச் சேர்த்துவிடாதீர்கள். சபை முழுவதும் வாக்களிக்கும் முன்பே, 1974இல், அவர் விலகிவிட்டார்.

1776இன் சுதந்திரப் பிரகடனத்தையும் 1787இல் எழுதப்பட்ட அரசமைப்பையும் ஒன்றாகக் குழப்புவோரும் உண்டு. ‘உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியை நாடும் உரிமை’ என்ற வரி முன்னதில் வருவது.

பேச்சுரிமை, மத உரிமை போன்றவற்றைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நம் அரசமைப்பின் 19ஆம் பிரிவு, குடிமக்களுக்குப் பேச்சுரிமை உண்டு என்று பேசுகிறது. அமெரிக்கத் திருத்தமோ, காங்கிரஸ் இப்படிப்பட்ட சட்டத்தை இயற்றக் கூடாது என்று தொடங்குகிறது. அது அரசுக்குப் போட்ட கடிவாளம். 1868இல் வந்த 14ஆவது திருத்தத்தின் வழியாக, நீதிமன்றங்கள் பின்னாளில் அதை மாநிலங்களுக்கும் பூட்டின. தனியார் நிறுவனம் ஒருவரின் பதிவை நீக்கினால் முதல் திருத்தம் மீறப்பட்டது என்று எழுதுவது ஆகவே தவறு.

ஆனால் அரசுப் பள்ளி அரசின் அங்கம். அங்கே வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அரசாகவே நிற்கிறார். பாடம் நடத்தப் போகிறவர்கள் பலருக்கு இது தோன்றுவதே இல்லை. கொடி வணக்க உறுதிமொழியைச் சொல்லுமாறு மாணவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று 1940இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, மேற்கு வர்ஜீனியா வழக்கில் அதை மாற்றிக்கொண்டது. தேசிய கீதம் பாடாத கேரளப் பள்ளிக் குழந்தைகளுக்காக நம் உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தபோது அந்த அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டியது. 1969இல், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த, ஐயோவா மாநிலத்தின் டெ மோய்ன் நகர மாணவர்களின் பக்கமும் அமெரிக்க நீதிமன்றம் நின்றது. பள்ளி நடப்பதற்குப் பெரும் இடையூறு நேரும் என்றாலோ, பிறர் உரிமை பாதிக்கப்படும் என்றாலோ மட்டுமே தடுக்கலாம் என்றது.

நாளை உங்கள் வகுப்பில் எல்லோரும் எழுந்து நெஞ்சில் கை வைக்கும்போது ஒரு குழந்தை அமைதியாக உட்கார்ந்திருக்கக்கூடும். அதை எழுப்பி நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு இல்லை.