பயிற்சி எதில், யாருக்கு? சிறு பட்டறைகள் செய்யும் தவறுகள்

கோவைப் பக்கம் பதினைந்து, இருபது பேர் வேலை பார்க்கும் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஜாப் ஒர்க் பட்டறைகளில் ரிஜெக்‌ஷன் (அளவு தவறிக் கழியும் பீஸ்கள்) கூடியதும் எழும் முதல் பேச்சு, "பசங்களுக்கு டிரெயினிங் போடணும்." எதில், யாருக்கு என்று யாரும் பார்ப்பதில்லை.

ரிஜெக்‌ஷன் எல்லாமே பயிற்சிக் குறை அல்ல. 100 மி.மீ. விட்டமுள்ள எஃகு ஷாஃப்ட் ஒன்று மெஷின் பக்கத்தில் அளந்தபோது சரியாக இருந்தது, மறுநாள் 0.02 மி.மீ. குறைகிறது. சூட்டோடு அளந்திருக்கிறார்கள். 20 டிகிரி சூடு கூடினாலே அந்த விட்டம் ஏறத்தாழ அவ்வளவு விரியும். ஆபரேட்டருக்கு இது தெரியாதென்றால் அரை மணி நேரம் போதும்: ஒரே பீஸைச் சூட்டிலும் ஆறிய பிறகும் அவரையே அளக்க விடுங்கள். தெரிந்தும் எண்ணிக்கை அவசரத்தில் ஆறவிடவில்லை என்றாலோ, கையில் இருந்தது திருத்தத்துக்கு முந்தைய பழைய டிராயிங் என்றாலோ, எத்தனை வகுப்பு வைத்தாலும் பலனில்லை. நல்ல கருவி, சரியான டிராயிங், போதிய நேரம் மூன்றும் கொடுத்தால் இவர் சரியாகச் செய்வாரா? செய்வார் என்றால், திருத்த வேண்டியது பட்டறையை.

அடுத்த தவறு, "தெரியுமா?" என்று கேட்பது. நாலு பேர் முன்னால் மைக்ரோமீட்டர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்; பத்து வருஷ அனுபவக்காரர் சொல்லவே மாட்டார். தனியாக அழைத்து, சரியான அளவு உங்களுக்கு முன்பே தெரிந்த ஐந்து பீஸ்களைக் கொடுத்து, வரிசை மாற்றி இரண்டு முறை அளந்து எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பீஸிலும் ஒரே அளவு கூடியோ குறைந்தோ வந்தால், கருவி ஜீரோவில் சரியாக நிற்கிறதா என்று பார்க்காமல் அளக்கிறார். முறைக்கு ஒரு அளவு வந்தால், ராட்செட்டை (அழுத்தத்தை ஒரே அளவாக வைக்கும் முனைத் திருகு) விட்டுவிட்டு திம்பிளை (சுழலும் உருளை) இறுக்குகிறார். சரியாக 0.50 பிசகினால் ஸ்லீவில் (அசையாத உருளை) உள்ள அரை மி.மீ. கோட்டைக் கவனிக்கவில்லை. மூன்றும் வேறு வேறு குறை. மூவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பது நேர விரயம்.

ஸ்கில் மேட்ரிக்ஸை (யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற அட்டவணை) ஆடிட்டுக்கு முதல் நாள் ஆபீசில் உட்கார்ந்து நிரப்புவதையும் விட்டுவிடுங்கள். "சிஎன்சி: தெரியும்" என்ற கட்டம் எதையும் சொல்லாது. ஆஃப்செட் (மெஷினில் போடும் டூல் அளவுத் திருத்தம்) திருத்துவது, இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது, சாஃப்ட் ஜா போரிங் (பீஸைப் பிடிக்கும் தாடையை அதன் அளவுக்குக் கடைவது), முதல் பீஸுக்கு ஓகே கொடுப்பது என்று வேலை வேலையாகப் பிரித்தால்தான் ஓட்டை தெரியும். எந்த வேலைக்கு ஒரே ஒரு ஆள் இருக்கிறாரோ, பயிற்சியை அங்கே தொடங்குங்கள். பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் அந்த மெஷின் நின்றுவிடும்.

ஆபரேட்டரை மட்டும் பார்ப்பதும் தவறு. செட்டர் (மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்) ஒரு ஆஃப்செட்டைத் தவறாகப் போட்டால், கவனிக்கும்வரை ஓடியது அத்தனையும் ஸ்கிராப். நைட் ஷிஃப்ட் ரிஜெக்‌ஷனைத் தனியாக எழுதுங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் தமிழில் ஒட்டிய குறிப்பைப் படிக்க முடியாமல் தவறு செய்தால், அதைத் திறமைக் குறை என்று எழுதிவிடாதீர்கள். குறிப்பை அவர் மொழியில் ஒட்டுங்கள்.

தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையும், கொடுத்த பயிற்சி பலித்ததா என்று பார்க்கச் சொல்கிறது. வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து அதற்குச் சான்றாகாது. ஒரு மாதம் கழித்து, அதே ஐந்து பீஸ்களை அதே ஆளிடம் மறுபடி கொடுத்து, பழைய அளவுக்குப் பக்கத்திலேயே புதியதையும் எழுதி வையுங்கள்.