புள்ளியியல் பாடம் தொடங்கும் முன் 15 நிமிடச் சோதனை

கல்லூரியில் அறிமுகப் புள்ளியியல் எடுப்பவர்கள், முதல் நாளே மதிப்பெண் இல்லாமல் ஆறேழு கேள்விகள் கொடுத்துப் பாருங்கள். நுண்கணிதம் வேண்டாம், மாணவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் தசமத்தில்தான். 0.05, 0.012 இரண்டில் எது சிறியது? ஐந்தைவிடப் பன்னிரண்டு பெரிது என்று நினைத்து 0.05 என எழுதுபவர், பிறகு பி-மதிப்பை (0.05 போன்ற எல்லையைவிடச் சிறியதா என்று பார்க்கும் நிகழ்தகவு எண்) ஒப்பிடும்போது முடிவையே தலைகீழாக்கிவிடுவார்.

அடுத்து, (62−50)÷8. விடை 1.5. யாராவது 55.75 என்று எழுதினால், கால்குலேட்டரில் அடைப்புக்குறி போடாமல் தட்டியிருக்கிறார். இசட் மதிப்பு (ஒரு எண் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) கணக்கிடும்போதும் இதே தவறுதான் வரும். இன்னொரு கேள்வி: 200 ரூபாய் விலை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் எவ்வளவு? விடை 192, மறுபடியும் 200 அல்ல.

மொத்த மதிப்பெண்ணை வைத்து யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள். கேள்விவாரியாக எத்தனை பேர் தவறினார்கள் என்று எண்ணுங்கள். பாதிப் பேருக்கு மேல் தவறியதை, சராசரி பற்றிய பாடம் தொடங்குமுன் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள்.