மிர்டாசபின் மாத்திரையைப் பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளும் முறை

மனச்சோர்வுக்கான மருந்துகளின் வழக்கமான வகைகளில் அடங்காத மிர்டாசபினை, பசியும் தூக்கமும் கெட்டு உடல் மெலிந்தவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித் தருவதுண்டு. பொதுவாக 15 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 45 வரை உயர்த்துவார்கள்.

இதை இரவில் படுக்கப்போகும் முன் விழுங்க வேண்டும். தொடக்க நாட்களில் தூக்கக் கலக்கம் மறுநாள் காலையிலும் நீடிக்கலாம் என்பதால், தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டி இறங்குபவரும் ஓசூர் சிப்காட்டில் இயந்திரத்தின் முன் நிற்பவரும், மருந்து தமக்கு எப்படி ஒத்துவருகிறது என்று தெரியும் வரை அந்த வேலையைத் தவிர்ப்பது நல்லது. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் உறங்குபவர், ஷிப்ட் அட்டவணையை மருத்துவரிடம் காட்டியே நேரத்தை முடிவு செய்ய வேண்டும். கலக்கத்துக்குப் பயந்து மாத்திரையைப் பாதியாக உடைப்பவர்கள் உண்டு; அதனால் பயனில்லை, ஏனெனில் குறைந்த அளவிலும் இம்மருந்து நன்றாகவே தூக்கத்தை வரவழைக்கும், சிலருக்குக் கூடுதலாகவும் வரவழைக்கும். ஓர் இரவு மறந்துவிட்டால் காலையில் விழுங்காமல், மறுநாள் இரவு வழக்கமான அளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மதுவும், சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்கம் தரும் மாத்திரைகளும் கலக்கத்தைப் பெருக்கும். டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பசி கூடி எடை ஏறும் என்பதால் மாதம் ஒருமுறை எடை பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சலும் தொண்டை வலியும் சேர்ந்து வந்தால், நம் ஊர் வழக்கப்படி பாராசிட்டமாலோடு நிறுத்திவிடக் கூடாது. அரிதாக இம்மருந்து வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். ஆகவே அன்றே மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும்.

தூக்கமும் பசியும் முதலில் சீராகும். மனம் தெளிய நான்கு வாரங்கள் வரையோ அதற்கு மேலுமோ ஆகலாம். இந்த இடைவெளியில், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்களை, வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும். பதற்றமோ தற்கொலை எண்ணமோ தெரிந்தால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி-மானஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.

குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். திடீரென நிறுத்தினால் குமட்டல், தலைச்சுற்றல், பதற்றம் வரக்கூடும் என்பதால் படிப்படியாகவே குறைப்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைகளுக்குத் தொலைவிலிருந்து பேருந்தில் வருபவர்கள், அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.