நியூக்கில் ஸ்விட்ச் நோடு: ஒரே திரையில் மூன்று சேனல்கள்

ஒரு குறும்படக் காட்சியில், நாற்காலியில் அமர்ந்திருப்பவர் ரிமோட்டை அழுத்த அழுத்த, எதிரே உள்ள தொலைக்காட்சியில் செய்தி, கார்ட்டூன், கிரிக்கெட் என்று சேனல் மாற வேண்டியிருந்தது. படப்பிடிப்பில் திரை பச்சையாகவே விடப்பட்டிருந்ததால், மூன்று காணொளிகளையும், படங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் மென்பொருளான நியூக்கில்தான் பொருத்தினேன். அதில் ஒவ்வொரு வேலையையும் செய்யும் பெட்டிக்கு நோடு என்று பெயர். நியூக்கின் வணிக நோக்கமற்ற இலவசப் பதிப்பே இதற்குப் போதும்; அதில் வெளியீடு 1920×1080 அளவைத் தாண்டாது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். திரையின் நான்கு மூலைகளையும் டிராக் செய்து (ஃபிரேம்தோறும் அவற்றின் நகர்வைப் பின்தொடர்ந்து), படத்தை அந்த மூலைகளில் பொருத்தும் கார்னர்பின் நோடில் சேர்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

நோடுகளை இணைக்கும் பரப்பான நோடு கிராஃபில் டேப் விசையை அழுத்தி ஸ்விட்ச் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நோடை வரவழையுங்கள். காணொளிகளை உள்ளே கொண்டுவரும் மூன்று ரீட் நோடுகளையும் அதில் இணைத்து, அதன் வெளியீட்டைக் கார்னர்பின்னுக்குக் கொடுங்கள். ஸ்விட்ச் கார்னர்பின்னுக்கு முன்னால் இருப்பதால், ஒரே டிராக்கிங் மூன்று சேனல்களுக்கும் பயன்படுகிறது. உள்ளீடுகளின் எண் வரிசை 0-இல் தொடங்கும். எந்த உள்ளீடு வெளியே செல்ல வேண்டும் என்பதை ‘விச்’ (which) என்ற அமைப்பில் உள்ள எண் தீர்மானிக்கிறது. தேர்ந்தெடுக்கப்படாத கிளைகளின் படங்களை நியூக் கணக்கிடுவதில்லை என்பதால் வேலையும் கனப்பதில்லை. ஒரு படம் இன்னொன்றில் மெல்லக் கரைய வேண்டுமானால் அதற்கு டிஸ்ஸால்வ் நோடுதான் சரி. ஸ்விட்ச் ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுக்கும், கலக்காது.

பின்னர் சேர்த்தது: கார்ட்டூன் மட்டும் தொலைக்காட்சியின் இடதுகீழ் மூலையில் ஒடுங்கி நிற்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கார்ட்டூன் 1280×720, மற்ற இரண்டும் 1920×1080. ஸ்விட்ச், உள்ளே வரும் படத்தின் அளவை மாற்றாமல் அப்படியே கடத்திவிடும். கார்னர்பின்னோ 1920×1080 படத்தின் மூலைகளையே எதிர்பார்த்திருக்கும். ஆகவே சிறிய படம் திரையின் அகலத்திலும் உயரத்திலும் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே நிரப்புகிறது. ஒவ்வொரு ரீட் நோடுக்கும் ஸ்விட்ச்சுக்கும் இடையில் ஒரு ரீஃபார்மேட் நோடு வைத்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் இது தீர்ந்துவிடும். நேரத்தையும் அங்கேயே சரிசெய்துகொள்ளுங்கள்: 1-ஆம் ஃபிரேமில் தொடங்கும் கார்ட்டூன் நம் காட்சியின் 1041-ஆம் ஃபிரேமில் தொடங்க வேண்டுமானால், டைம்ஆஃப்செட் நோடில் 1040 என்று கொடுக்க வேண்டும்.

இனி என்னை ஒரு நாள் முழுவதும் அலைக்கழித்த படிக்கு வருகிறேன். செய்தியை 0-இலும், கிரிக்கெட்டை 1-இலும், கார்ட்டூனை 2-இலும் இணைத்திருந்தேன். ‘விச்’ அமைப்பில் 1001-இல் 0, 1041-இல் 2, 1073-இல் 1 என்று கீஃபிரேம் (குறிப்பிட்ட ஃபிரேமுக்கு நாமே குறித்துவைக்கும் மதிப்பு) வைத்து, அந்த மூன்று ஃபிரேம்களை மட்டும் பார்த்துவிட்டு ரெண்டருக்கு, அதாவது இறுதிக் காணொளியாக்க, அனுப்பினேன். வெளிவந்த காணொளியில், நடிகரின் கட்டைவிரல் ரிமோட்டின் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே திரையில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கீஃபிரேம்களுக்கு இடையிலுள்ள மதிப்புகளை நியூக் வழவழப்பாக நிரப்புவதால், 0-இலிருந்து 2-க்கு ஏறும் எண் வழியில் 1-ஐயும் கடக்கிறது என்பது அப்போது எனக்குப் புலப்படவில்லை. கர்வ் எடிட்டரில் எல்லாக் கீஃபிரேம்களையும் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்கி, இன்டர்போலேஷன் பட்டியலில் கான்ஸ்டன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், எண் படிக்கட்டுபோல் மாறும்.

ஆனாலும் நான் இப்போது இதற்குக் கீஃபிரேமே வைப்பதில்லை. உள்ளீடுகளைக் காட்சியில் தோன்றும் வரிசையிலேயே இணைத்துவிட்டு, ‘விச்’ அமைப்பில் இந்தச் சமன்பாட்டை எழுதிவிடுகிறேன்:

(ஃபிரேம் >= 1041) + (ஃபிரேம் >= 1073)

இதில் ஃபிரேம் என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். அடைப்புக்குறிக்குள் இருப்பது உண்மையானால் 1, இல்லையேல் 0 என்பதால், விடை முதலில் 0, பிறகு 1, பிறகு 2 என்று அமைகிறது. இடையில் வழுக்குவதற்கு எதுவும் இல்லை என்பதோடு, எடிட்டர் வெட்டை இரண்டு ஃபிரேம் தள்ளினாலும் ஓர் எண்ணைத் திருத்தினால் போதும் என்பதால், கீஃபிரேமைவிட இதையே உறுதியாகப் பரிந்துரைக்கிறேன்.

சேனல் மாறும்போது நடிகரின் முகத்தில் விழும் ஒளியின் நிறமும் மாற வேண்டும் அல்லவா? அதற்கு, நிறத்தை மாற்றும் மூன்று கிரேடு நோடுகளை இரண்டாவது ஸ்விட்ச் ஒன்றில் இணைத்தேன். சமன்பாட்டை அங்கே மீண்டும் எழுத வேண்டாம். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி, முதல் ஸ்விட்ச்சின் ‘விச்’ அருகிலுள்ள அனிமேஷன் பொத்தானை இரண்டாவதன் அனிமேஷன் பொத்தான்மீது இழுத்து விட்டால் இரண்டும் பிணைந்துவிடும், நோடு கிராஃபில் பச்சை அம்புக்குறியும் தோன்றும். ரெண்டருக்கு அனுப்பும் முன் 1038 முதல் 1044 வரையிலும், 1070 முதல் 1076 வரையிலும் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, விரல், திரை, முகத்தின் ஒளி ஆகிய மூன்றும் ஒரே ஃபிரேமில் மாறுகின்றனவா என்று பாருங்கள்.